துத்தநாகத் தொட்டிக்கு ஈரம் ஆகாது

பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டையில் அந்த ஷெட்டுக்குள் முதல் தடவை நுழைந்தபோது மேஸ்திரி என் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வாங்கிக்கொண்டு போய் வாசலுக்கு வெளியே, செருப்பு கிடக்கிற இடத்தில் வைத்துவிட்டு வந்தார். "கோவிச்சுக்காதீங்க தம்பி, இதோட உள்ள வரக்கூடாது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஹெல்மெட் போடச் சொல்லும் கம்பெனிகளைப் பார்த்திருக்கிறேன், செல்போன் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தண்ணீர் பாட்டிலுக்குத் தடை போட்ட இடத்தை அதுவரை பார்த்ததில்லை. அதுவும் ஏப்ரல் மாதம், உள்ளே அனல்.

நான் பிஎல்சிக்கு, அதாவது தொழிற்சாலை மெஷின்களை இயக்கும் கம்ப்யூட்டர் பெட்டிக்கு, புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவன். ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம், வீடு தாசரஹள்ளி, பெங்களூர் வந்து பதினேழு வருடம். நண்பன் ஒருவனோடு சேர்ந்து சின்னதாக ஆட்டோமேஷன் வேலை எடுத்துச் செய்கிறோம். கன்வேயர், பேக்கிங் மெஷின், பாட்டிலுக்கு மூடி போடுவது, இப்படி யாருக்கும் அடிபடாத வேலைகள். ஹாட் டிப் கால்வனைசிங் வேலை வந்தபோது இதுவும் ஒரு கன்வேயர் மாதிரிதான் என்று நினைத்து விலை சொல்லிவிட்டேன். அந்த விலையைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

தெரியாதவர்களுக்காக: தெருவிளக்குக் கம்பம், மொட்டைமாடியில் சோலார் தகடு உட்காரும் சட்டம், மின் கோபுரத்தின் ஆங்கிள், ஹைவே ஓரத்துத் தடுப்பு, இதெல்லாம் வெள்ளி மாதிரி ஒரு நிறத்தில் இருக்கிறதே, அது பெயின்ட் இல்லை. இரும்பை உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தது. இரும்பின் மேல்தோலும் துத்தநாகமும் அங்கே ஒன்றோடொன்று கலந்து உலோகக் கலவையாகவே மாறிவிடும், அதனால்தான் சுரண்டினாலும் உரிந்து வராது. 1742ல் பிரான்ஸில் மலூவன் என்பவர் இப்படி முக்கினால் இரும்பு துருப்பிடிக்காது என்று அங்கிருந்த அறிவியல் கழகத்தில் சொன்னார், 1837ல் சொரேல் என்கிற பொறியாளர் காப்புரிமை வாங்கினார். அதன்பிறகு அடிப்படை பெரிதாக மாறவில்லை. துத்தநாகத்தைக் காய்ச்சி வடிக்கும் வித்தையோ நம் ராஜஸ்தானில், உதய்ப்பூர் பக்கத்து ஜாவரில், அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே இருந்தது. சரி, பெருமை போதும், ஷெட்டுக்கு வருவோம்.

இரும்பு உள்ளே வந்ததும் முதலில் காஸ்டிக் தொட்டியில் எண்ணெய்ப் பிசுக்கு போகும். அப்புறம் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டில் துரு போகும், இதைப் பிக்லிங் என்பார்கள், ஊறுகாய் போடுவதற்கும் இதே சொல்தான். கழுவிவிட்டு ஃப்ளக்ஸ் தொட்டி. துத்தநாக அம்மோனியம் குளோரைடு கரைசல், முக்கப்போகிற நேரம் வரை இரும்பை மறுபடி துருப்பிடிக்காமல் காப்பது அதுதான். அதன்பிறகு கெட்டில், துத்தநாகம் உருகிக் கிடக்கும் தொட்டி. துத்தநாகம் 419.5 டிகிரியில் உருகும், கெட்டிலில் 450ஐ ஒட்டி வைத்திருப்பார்கள். நான் பார்த்த கெட்டில் ஐந்து மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம், உள்ளே நாற்பது டன்னுக்கு மேல் ஜிங்க், அதாவது துத்தநாகம். ராத்திரி, ஞாயிறு, தீபாவளி எதற்கும் அடுப்பை அணைக்க முடியாது. மேலே பால் ஆடை மாதிரி சாம்பல் படர்ந்திருக்கும். ஒரு ஆள் நீளக் கரண்டியால் அதை ஒதுக்கும்போது அடியிலிருந்து கண்ணாடி எட்டிப் பார்க்கும், மேற்கூரையின் தகரம், இரும்பைத் தூக்கி இறக்கும் ஹாய்ஸ்ட்டின் கொக்கி எல்லாம் அதில் தலைகீழாகத் தெரியும். அழகுதான், மறுக்க முடியாது.

அந்தக் கண்ணாடியிலிருந்து இரண்டு எட்டு தள்ளி நாலு பேர் நிற்பார்கள். ஒருவர் கையில் பெண்டன்ட், அதாவது ஹாய்ஸ்ட்டை ஏற்றி இறக்கும் பொத்தான் பெட்டி. இரண்டு பேர் கையில் கொக்கியும் கரண்டியும். இன்னொருவர் மேலே வந்த ஜாப்பை, அதாவது முக்கி எடுத்த இரும்பை, தட்டி, வடியும் சொட்டை உதறிவிடுகிறவர். முகத்துக்கு ஷீல்டு கொடுத்திருந்தார்கள், அது சுவரில் ஆணியில் தொங்கும், ஏனென்றால் போட்டுக்கொண்டால் பத்து நிமிடத்தில் வேர்த்து மூடிக்கொண்டு ஒன்றும் தெரியாது. தெரியாமல் கெட்டில் ஓரத்தில் நிற்பதைவிடத் தெரிந்து நிற்பது மேல் என்பது அவர்கள் கணக்கு. அதில் தப்பு சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் ஒரு விபத்து. பால்கனிக் கைப்பிடிக்கான பைப், இரண்டு பக்கமும் மூடி வைத்து வெல்ட் அடித்தது, ஓட்டை போடாமல் வந்திருக்கிறது. ஓட்டை போட்டால் அசிங்கமாக இருக்கும் என்று ஃபேப்ரிகேட்டர்கள் போட மாட்டார்கள். வெல்டில் ஊசி முனை அளவு துளை இருந்தால் போதும், ஆசிட் தொட்டியிலும் கழுவுகிற தொட்டியிலும் உள்ளே தண்ணீர் ஏறிக்கொள்ளும், வெளியே வராது. அந்தப் பைப்பைக் கெட்டிலில் இறக்கியதும் வெடித்து ஜிங்க் தெறித்தது. கரண்டி பிடித்திருந்த ஒடிசாப் பையனின் கையுறைக்குள் சரியாக மணிக்கட்டு வழியாக இறங்கிவிட்டது. உருகிய ஜிங்க் தோலில் பட்டால் அங்கேயே உறைந்து ஒட்டிக்கொள்ளும், உதற முடியாது, கையுறை வேறு அதை உள்ளே பிடித்து வைத்துக்கொண்டது. பாதுகாப்புக்குப் போட்டதே பிடித்து வைத்தது என்பதைச் சொல்லும்போது மேஸ்திரி என் முகத்தைப் பார்க்கவில்லை. பையன் பிழைத்தான், இரண்டு விரல் முழுசாக மடங்காது. அவன் காண்ட்ராக்டர் ஆள் என்பதால் அதுவரை ஈஎஸ்ஐயில் பெயரே கிடையாது, அதற்காக அப்புறம் நடந்த அலைச்சல் தனிக் கதை.

ஓனர் கன்னடக்காரர், நல்ல தமிழ் பேசுவார், கோபம் தமிழில் வரும், பேரம் கன்னடத்தில் நடக்கும். விபத்துக்குப் பிறகு மனிதர் நிஜமாகவே உடைந்து போயிருந்தார். போனில் ஒரு வீடியோ காட்டினார். ஐரோப்பாவில் ஏதோ ஒரு ஆலை, கெட்டிலைச் சுற்றி முழுக்க மூடிய அறை, தண்டவாளத்தில் தானாக ஓடும் ஹாய்ஸ்ட், ஆசிட் தொட்டிகள் தனிக் கூடத்தில், ஒரு ஆள் கண்ணாடிக்குப் பின்னால் காபி குடித்துக்கொண்டு ஸ்கிரீன் பார்க்கிறார். "இது மாதிரி பண்ணிடலாமா சார்?" பண்ணலாம், அதற்கு இவருடைய இரண்டு ஷெட்டையும் விற்க வேண்டும். கையில் இருந்தது 30 லட்சம். அதில் எதைச் செய்வது என்று யோசித்து, கெட்டில் ஓரத்து ஆட்களை அப்புறப்படுத்துவதுதான் முதல் வேலை என்று முடிவு செய்து, ஹாய்ஸ்ட்டைத் தானியங்கி ஆக்கும் டிராயிங்கோடு போனேன்.

மேஸ்திரி டிராயிங்கைப் பார்த்தார். வாணியம்பாடிக்காரர், முப்பது வருடம் கெட்டில் ஓரத்திலேயே நின்றவர், படித்தது எட்டாவது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கையைத் தள்ளி வெக்கறீங்க, சரி. வெடிக்கறது வெடிச்சுக்கிட்டேதான இருக்கும்? மொதல்ல ஈரத்தைத் தள்ளி வைங்க" என்றார்.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். தண்ணீர் நீராவியானால் சுமார் 1,700 மடங்கு இடம் கேட்கும். ஒரு சின்ன காபி டம்ளர், 100 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள், 170 லிட்டர் ஆவியாகும், கிட்டத்தட்ட ஒரு டிரம். அது 100 டிகிரிக் கணக்கு. 450 டிகிரிக்குப் போனால் இன்னும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அத்தனையும் கண் மூடித் திறப்பதற்குள் ஒரு மூடிய பைப்புக்குள். ஜிங்க் பாவம், அது தன்பாட்டுக்குக் கிடக்கிறது, அதைத் தூக்கி மனிதர்கள் மேல் எறிவது தண்ணீர். அந்த டிராயிங்கில் ஹாய்ஸ்ட் இருந்தது, அது எவ்வளவு நகர்ந்தது என்று எண்ணும் என்கோடர் இருந்தது, அவசர நிறுத்தப் பொத்தான் நாலு இடத்தில் இருந்தது. உலர்த்துவதற்கு ஒரு பெட்டிகூட இல்லை. அதுவரை ஃப்ளக்ஸில் முக்கிய ஜாப்பை வெறும் காற்றில் தொங்கவிட்டுத்தான் காய வைத்தார்கள், மழைக்காலத்தில் எப்படிக் காயும் என்று நான் கேட்கவே இல்லை.

ஆகவே பணத்தில் முதல் பங்கு டிரையருக்குப் போனது. கெட்டில் அடுப்பின் புகைபோக்கி வழியே சூடு வீணாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அதை ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சரில் பிடித்து, தரைக்குள் ஒரு குழியில் 110 டிகிரி காற்றாக விட்டோம். ஃப்ளக்ஸிலிருந்து வந்த ஜாப் அதில் உட்கார்ந்து, அதன் கனத்துக்குத் தக்க நிமிடம் முடியாமல் ஹாய்ஸ்ட் கெட்டில் பக்கம் நகராது. இன்னொரு பக்கமும் பூட்டுப் போட்டோம்: டிரையரை விட்டு வெளியே வந்து பத்து நிமிடத்துக்குள் கெட்டிலில் இறங்கவில்லையென்றால் திரும்ப டிரையருக்குத்தான் போக வேண்டும். ஃப்ளக்ஸ் என்பது உப்பு. மழைக்காலத்தில் உப்பு ஜாடியைத் திறந்து வைத்தால் என்ன ஆகுமோ அதேதான் அதற்கும் ஆகும். காய்ந்ததை நம்பி விட்டுவிட்டு டீ குடிக்கப் போய் வந்தால் மறுபடி ஈரம் குடித்து நிற்கும்.

நேரத்தை மட்டும் நம்புவது எனக்குப் பிடிக்கவில்லை, காய்ந்துவிட்டதா என்று அளந்தே ஆகவேண்டும் என்று எடை காட்டும் சென்சாரான லோட் செல் வாங்கினேன். டிரையருக்கு முன்னும் பின்னும் எடை, வித்தியாசம்தான் ஆவியான தண்ணீர், எடை குறைவது நின்றால் காய்ந்தது என்று அர்த்தம். பேப்பரில் பிரமாதம். ஜாப்பும் அதைக் கட்டித் தொங்கவிடும் ஜிக் சட்டமும் சேர்ந்து 800 கிலோ, அது ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டு தொங்குகிறது, ஸ்கிரீனில் எண் ஒரு கிலோ மேலே ஒரு கிலோ கீழே துள்ளுகிறது, நான் தேடுகிற தண்ணீரோ 100 கிராம். ஒரு வாரம் ஃபில்டர் போட்டு மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டுக் கழற்றி வைத்தேன். மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை. அந்த லோட் செல் இப்போது அவர் மேஜையில் பேப்பர் பறக்காமல் இருக்க உதவுகிறது.

அடுத்தது கெட்டிலைச் சுற்றி அறை. இரும்புத் தகடு, நீளப்பக்கம் இரண்டிலும் தள்ளிவிடும் கதவுகள், மேலே ஹாய்ஸ்ட் போக ஒரு பிளவு, புகையை இழுக்க உறிஞ்சுக் குழாய், அதன் முடிவில் பை வடிகட்டி. கதவு மூடாமல் ஹாய்ஸ்ட் இறங்காது. இதற்குத்தான் ஓனர் கை நடுங்கினார், தகடுக்கும் கதவுக்கும் கேட்ட பணத்துக்கு இன்னொரு ஆசிட் தொட்டி வாங்கலாம் என்று. பாதுகாப்பைச் சொல்லி அவரை என்னால் அசைக்க முடியவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். அசைத்தது கறுப்புப் புள்ளி. ஜாப்பை மெதுவாக இறக்கினால் அடிப்பகுதி ஜிங்கில் இருக்கும்போது மேல்பகுதி ஃப்ளக்ஸ் அனலில் கருகிவிடும், கருகிய இடத்தில் ஜிங்க் பிடிக்காது, கறுப்பாக நிற்கும், திரும்ப ஆசிட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சட்டென்று இறக்க வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் இரண்டு எட்டில் நிற்கிறவன் எப்படிச் சட்டென்று இறக்குவான்? பயத்தோடு மெல்ல மெல்ல இறக்குவான். அந்தப் பயம் கோட்டிங்கில் தெரியும். எடுக்கும்போது நேர்மாறு, மெதுவாக எடுத்தால்தான் மிச்ச ஜிங்க் வழிந்து கெட்டிலுக்கே திரும்பும். ஐந்து மில்லிமீட்டரும் அதற்கு மேலும் கனமுள்ள இரும்புக்கு இந்திய தர நிர்ணயம் கேட்பது சதுர மீட்டருக்கு 610 கிராம், கிட்டத்தட்ட 86 மைக்ரான். அனல் தாங்காமல் அவசரமாக எடுத்தால் அதற்கும் மேலே கணிசமாக ஒட்டிக்கொண்டு வாடிக்கையாளருக்கு இலவசமாகப் போகும். கதவு மூடியிருந்தால் இறக்கும் வேகம் நிமிடத்துக்கு ஆறு மீட்டர், ஏற்றும் வேகம் ஒன்றரை மீட்டர், இரண்டும் எவர் மனநிலையையும் பொறுத்ததல்ல. இதைச் சொன்னதும் ஓனர் கால்குலேட்டரை எடுத்தார். கதவுக்குப் பணம் வந்தது.

சென்சார் கதை சொல்லி மாளாது. கெட்டிலுக்கு மேலே மாட்டிய, ஹாய்ஸ்ட் பக்கத்தில் வந்தால் உணரும் பிராக்ஸிமிட்டி சென்சார்கள் மூன்றும் ஒரே வாரத்தில் செத்தன, 70 டிகிரிக்கு மேல் தாங்காதவை, அது பெட்டியிலேயே அச்சடித்திருந்தது, படித்துவிட்டுத்தான் மாட்டினேன். பிறகு எல்லாவற்றையும் கழற்றி, ஹாய்ஸ்ட் டிரம்மிலேயே என்கோடர் வைத்து, கயிறு எவ்வளவு இறங்கியது என்று எண்ணிக்கொண்டோம். சாம்பல் ஒதுக்க நான் செய்த, காற்றழுத்தத்தில் இயங்கும் நியூமேட்டிக் கையின் ரப்பர் சீல் மூன்று தடவை அப்பளமாக நொறுங்கியது. சாம்பலை இன்றைக்கும் கதவில் ஒரு சின்ன ஜன்னல் வழியாக, நீளக் கரண்டியோடு ஒரு ஆள்தான் ஒதுக்குகிறார். அதில் நான் தோற்றேன். அப்புறம் ஆசிட். பிக்லிங் தொட்டிக்கும் கண்ட்ரோல் பேனலுக்கும் இடையில் பதினைந்து மீட்டர் இருந்தும், இரண்டே மாதத்தில் பேனலைத் திறந்தால் செம்புக் கம்பி முனையெல்லாம் பச்சை பூத்து, பழைய கோயில் விளக்கு மாதிரி இருந்தது. பேனலைத் தனி அறைக்குக் கொண்டுபோய் வடிகட்டிய காற்றை உள்ளே ஊதி, ஆவி நுழையாமல் வைத்த பிறகுதான் அது உயிரோடு இருக்கிறது. ஆயுத பூஜையன்று அந்த அறைக்குள்ளும் பூசணிக்காய் வந்தது, டச் ஸ்கிரீனுக்குப் பட்டை பட்டையாக விபூதி, நடுவில் சந்தனம். சந்தனம் சரியாக அலாரத்தை அணைக்கும் பொத்தான் மேல். மறுநாள் காலை அந்தப் பொத்தான் வேலை செய்யவில்லை என்று எனக்குப் போன்.

எல்லாம் ஓட ஆரம்பித்து ஒரு மாதம் கழித்து சொல்லாமல் கொள்ளாமல் போனேன். கதவு பப்பரப்பே என்று திறந்து கிடக்கிறது, ஹாய்ஸ்ட் கம்பீரமாக இறங்குகிறது. எப்படி? பக்கத்தில் போய்ப் பார்த்தால் கதவு சுவிட்சின் மேல் ஒரு காந்தம், பழைய ஸ்பீக்கரிலிருந்து உடைத்தது, இன்சுலேஷன் டேப் சுற்றி நேர்த்தியாக ஒட்டியிருந்தது. நான் போட்டது சாதாரண காந்த சுவிட்ச், கதவில் இருக்கும் காந்தம் பக்கத்தில் வந்தால் மூடியதாக நினைத்துக்கொள்ளும், ஸ்பீக்கர் காந்தத்துக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. எனக்கு வந்த கோபத்தில் கத்தியிருப்பேன். மேஸ்திரி குறுக்கே வந்து, "கதவு மூடித் திறக்க நாப்பது செகண்டு ஆகுது தம்பி. ஒரு நாளைக்கு எத்தினி டிப்பு? அவங்களுக்கு டன்னுக்குத்தான கூலி" என்றார். வாட்ச் பிடித்துப் பார்த்தேன், 42 வினாடி. மோட்டாரும் கியரும் மாற்றி அதை 14க்குக் கொண்டுவந்தோம், கூடவே தன் ஜோடியை மட்டும் அடையாளம் காணும் கோடட் சுவிட்ச் போட்டோம். இரண்டில் காந்தத்தை ஒழித்தது எது என்று கேட்டால் மோட்டார் என்றுதான் சொல்வேன். சுவிட்சை ஏமாற்ற ஒரு வழி என்றைக்கும் உண்டு, ஏமாற்றக் காரணம் இல்லாமல் போனால்தான் விடுவார்கள்.

புகையைப் பற்றி ஒன்று. முக்கும்போது குபுகுபுவென்று எழும் வெள்ளைப் புகையை எல்லாரும் ஜிங்க் புகை என்பார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன், சாயங்காலம் பால் குடித்தால் சரியாகும் என்றும் சொல்வார்கள். ஜிங்க் கொதிப்பது 907 டிகிரியில், 450ல் அது பெரிதாக ஆவியாகாது. அந்தப் புகையில் பெரும்பங்கு ஃப்ளக்ஸிலிருந்து வரும் அம்மோனியம் குளோரைடு. நடுக்கமும் காய்ச்சலுமாக வரும் அந்த ஜிங்க் காய்ச்சல், கால்வனைஸ் ஆன இரும்பை வெல்டிங் அடிக்கிறவர்களுக்குத்தான் அதிகம் வரும், வெல்டிங் சூட்டில் ஜிங்க் ஆவியாகிவிடும் என்பதால். இங்கே இருந்தவர்களுக்குத் தொண்டைக் கமறலும் இருமலும். பை வடிகட்டி வந்த பிறகு இருமல் குறைந்தது. பாலை யாரும் விடவில்லை, அது ஓனர் செலவு.

வேலை போனதையும் சொல்ல வேண்டும், அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதினால் நானே நம்ப மாட்டேன். ஒரு ஷிஃப்டில் கெட்டில் ஓரத்தில் நாலு பேர் என்பது ஒன்றரை ஆள் ஆனது. இரண்டு பேரை ஓனர் ஜிக் கட்டும் இடத்துக்கு மாற்றினார், மூன்று பேர் வேறு ஷெட்டுக்குப் போனார்கள். அந்த வேறு ஷெட்டிலும் கெட்டில் இருக்கிறது, கதவு இல்லை. மெட்ரோவில் பீன்யா இண்டஸ்ட்ரி ஸ்டேஷனில் அவர்களில் ஒருவரைப் பார்த்தேன், "நல்லா இருக்கீங்களா சார்" என்று அவர்தான் முதலில் கேட்டார்.

மேஸ்திரிக்கு என்ன வேலை என்பதில்தான் எனக்கும் ஓனருக்கும் பெரிய சண்டை. ஓனர் அவரை ஸ்கிரீன் முன்னால் உட்கார வைக்கப் பார்த்தார், வயசானவர், மரியாதையாக இருக்கும் என்று. நான் வாசல் பக்கம் போடச் சொன்னேன். டிரையர் வெளி ஈரத்தைத்தான் போக்கும், மூடிய பைப்புக்குள் இருக்கும் தண்ணீரை எந்த டிரையரும் எடுக்காது, அதைக் கண்டுபிடிக்கும் சென்சாரும் என்னிடம் இல்லை, கேமரா வைத்து ஓட்டை எண்ணலாம் என்று ஒரு கம்பெனிக்காரர் வந்து டெமோ காட்டிவிட்டு வெல்டிங் கரியைப் பார்த்து ஓட்டை என்று சொல்லிவிட்டுப் போனார். இவருக்குப் பைப்பைத் தட்டினாலே தெரிகிறது. கடைசியில் ஜிக் கட்டும் யார்டில் அவருக்கு ஒரு ஸ்டூல், டார்ச், சாக்பீஸ், ஒரு டிரில் மெஷின். அவர் சாக்பீஸ் டிக் போட்டு, தன் சாவியைத் திருப்பினால்தான் அந்த ஜிக் எண் பிஎல்சிக்குள்ளேயே நுழையும். வேண்டாம் என்றால் வேண்டாம், ஓனர் சொன்னாலும் நடக்காது, அதை நான் புரோகிராமில் எழுதி பாஸ்வேர்டும் போட்டுவிட்டேன்.

போன அக்டோபரில் மழை விட்ட ஒரு காலையில் போயிருந்தேன். ஒரு ஃபேப்ரிகேட்டர் கைப்பிடி பைப் ஒரு லோடு கொண்டுவந்து, ஓட்டை போட்டால் அபார்ட்மென்ட்காரர்கள் எடுக்க மாட்டார்கள், அர்ஜென்ட், நான் பொறுப்பு என்று நின்றுகொண்டிருந்தார். மேஸ்திரி பதில் சொல்லாமல் பைப்பைக் கையில் எடுத்து ஒருமுறை சாய்த்தார், காதருகே வைத்தார், கீழே வைத்துவிட்டு டிரில்லை எடுத்தார். பிட் உள்ளே இறங்கியதும் ஓட்டை வழியாக டீ நிறத்தில் துருத் தண்ணீர் ஒழுக ஆரம்பித்தது. ஸ்டூலுக்கு அடியில் கிடந்த பிளாஸ்டிக் டம்ளரை எடுத்துப் பிடித்தார். முக்கால் டம்ளர் நிறைந்தது. அதை அந்த மனிதர் கையில் கொடுத்துவிட்டு, "இத வாசலுக்கு வெளிய ஊத்திட்டு வாங்க சார்" என்றபடி அடுத்த பைப்பை எடுத்தார்.